மூட்டைச் சுவருக்கு நாற்பது குடம்

“மேற்குச் சுவரை இடிங்கப்பா.”

எங்கள் வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை அது. வேலைக்குப் போகாமல் ஏன் குந்தியிருக்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்கலாம். கோபத்தை வைத்து உலை கொதிக்குமா என்று கேட்கலாம். அம்மா தினம் இரண்டு தடவை கேட்பாள். கட்டிய சுவரை இடிக்கச் சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். சுவரில் குறை ஒன்றுமில்லை, அவர் மனைவிக்கு அந்த இடத்தில் ஜன்னல் வேண்டுமாம், அவ்வளவுதான். அப்பா கொத்துக்கரண்டியை மணல் குவியலில் செருகிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிப் படுத்திருந்தாராம். “நாய் படாத பாடு பட்டேன். நீங்க ரெண்டு பேரும் என்ன வேணா பேசித் தொலைங்க, அதை மட்டும் வாயில எடுக்காதீங்க” என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தாள்.

அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சொம்பு பாதியில் நின்றது.

“எந்தச் சுவரை?”

“நீங்க கட்டினதை.”

“மூணு சுவர் நீ கட்டியிருக்க. ஒண்ணு நான் கட்டியிருக்கேன். இடிக்கச் சொல்றது நான் கட்டினதை.”

“ஆமா.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?”

“நல்லா தொட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

உள்ளேயிருந்து அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். “என்னடி சொன்ன? என்ன சொன்ன நீ? வந்து மூணு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள பத்த வச்சிட்டியா?”

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்கும் அப்பாவுக்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை என்று தோன்றும்.

அக்கா குடியிருந்த அறையை அதன் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். அக்காவும், ஐந்து வயதுக் குட்டியும், தையல் மெஷினும் எங்கள் ஒன்றரை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் அக்கா மெஷினை வேகமாக மிதிப்பாள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலியிடம் இருந்தது. அங்கே ஓர் அறை எழுப்பலாம் என்று பேச்சு வந்தது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் எங்கே போவது என்பதோடு பேச்சு நின்றும் போனது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல். அதை வைத்து ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் நோட்டுப் புத்தகம் திருத்தினேன். மண் மூட்டைகளால் வீடு கட்டப் பத்து நாள் பயிற்சி என்று ஒரு தாள் கண்ணில் பட்டது. பள்ளியில் லீவு கேட்டேன். தரவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போனேன். அதற்காக அம்மா என்னோடு பேசாமல் இருந்த நாட்கள் பயிற்சி நாட்களைவிட அதிகம்.

பயிற்சியில் முதல் நாள் முழுக்க மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டோம். தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. சப்பென்று உட்கார்ந்தால் ஈரம் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் அதுதான் பதம். இவ்வளவுதான் அதன் ரகசியம். அந்தப் பத மண்ணைச் சாக்கில் நிரப்பி, வாயை மடக்கி, செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி அடுக்க வேண்டும். மூட்டையின் காதுகளை உள்ளே திருகிவிட வேண்டும், இல்லையென்றால் மூலை பிதுங்கும். ஒவ்வொரு வரியையும் திமிசுக் கட்டையால் ‘தொம் தொம்’ என்ற சத்தம் ‘டக் டக்’ என்று மாறும்வரை இடிக்க வேண்டும். அதன் மேல் முள்கம்பி இரண்டு ஓட்டம், அதற்கு மேல் அடுத்த வரி. முள்கம்பிதான் மேல் மூட்டையையும் கீழ் மூட்டையையும் கவ்விப் பிடிக்கும்.

திரும்பி வந்து கடைக்கால் தோண்டினேன். சல்லி நிரப்பினேன். அக்கா தைத்து முடித்த நேரத்தில் மண் சலித்தாள். அம்மா திட்டிக்கொண்டே சாக்கைப் பிடித்தாள். என் உள்ளங்கைத் தோல் இரண்டு முறை உரிந்தது.

அப்பா மூன்று வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் முன்வாசல் வழியாகவே போய் வந்தார். ஒரே ஒரு முறை, பல் துலக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்து, “வெள்ளம் வந்தாதான் மூட்டை அடுக்குவாங்க” என்றார். அவர் நண்பர் தச்சர் அப்படியில்லை. தினம் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். அவருக்கு ரேடியோ என்று பெயர். அவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்கும் ஒலிபரப்பாகிவிடும்.

“என்ன மேஸ்திரி, பொண்ணை அவ்வளவு பெரிய படிப்பு படிக்க வச்சு மூட்டை தூக்க விட்டுட்டீங்க?” என்று அப்பாவைக் கேட்டார். என்னைப் பார்த்து, “மூட்டை இன்ஜினியரம்மா, ஒரு மூட்டை அரிசி குடேன்” என்றார். அன்றிலிருந்து எனக்கு மூட்டை என்று பெயர்.

அப்பாவின் பெயர் நூல். தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்ட நூல் மாதிரி சுவர் எழுப்புவார் என்று வைத்த பெயர். அந்தப் பெயருக்காகத்தான் ஆட்கள் தேடி வந்து வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

மூன்று சுவர் முடிந்து மேற்குச் சுவர் முதல் வரியோடு நின்றபோது பயிற்சியின் இரண்டாம் பகுதிக்குக் கூப்பிட்டார்கள். பூச்சும் கூரையும் எப்படி என்று சொல்லித் தர, பதினொரு நாள். போகும்போது அக்காவிடம், “தார்ப்பாய் போட்டு மூடி வை. வெயில் பட்டா சாக்கு மக்கிடும், தண்ணி பட்டா மண்ணு இளகிடும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இன்று மத்தியானம் திரும்பி வந்தேன். பையை இறக்காமல் நேராகப் பின்பக்கம் போனேன். மேற்குச் சுவர் முழு உயரம் எழும்பி நின்றது. வெளிப்பக்கம் சிமெண்டு பூசி, மட்டக்கோல் போட்டு இழுத்து, முகம் பார்க்கலாம் போல வழவழவென்று இருந்தது. கூரைக்கான மரங்கள்கூட வந்து பக்கத்தில் கிடந்தன.

“அப்பாதான்டி” என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. “நீ போன மறுநாளே ஆரம்பிச்சுட்டார். ரெண்டு நாள் சம்பள வேலையை விட்டுட்டு, கையாளையும் கூட்டிட்டு வந்துட்டார். காதைத் திருகுறது, கம்பி போடுறது, எல்லாம் நீ செஞ்சதைப் பார்த்து அப்படியே. ஜன்னல் வழியா தினம் பார்த்துட்டுத்தான் இருந்திருக்கார், கள்ளன்.”

முழுதாக ஒரு நிமிடம் அவரை எல்லாவற்றுக்குமாக மன்னித்தேன்.

பிறகு உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தேன்.

ஈரம். சாக்கின் இழைகளில் முத்து முத்தாகத் தண்ணீர். கட்டை விரலை அழுத்தினேன், வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. கீழிருந்து மூன்றாவது வரியும் நாலாவது வரியும் அறைக்குள்ளே தொந்தி தள்ளிக்கொண்டிருந்தன. வெளியே அப்பாவின் பூச்சு, உள்ளே வயிறு.

“யாரு தண்ணி ஊத்தினது?”

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. “நான்தான்.”

“நீயா?”

“அப்பா சொன்னார். பூச்சு காயறதுக்குள்ள தண்ணி காட்டணும், இல்லைன்னா வெடிச்சிடும்னார். மேலேர்ந்து ஊத்துன்னார். காலையில இருபது குடம், சாயங்காலம் இருபது குடம். ஏழு நாள். தைக்க உட்கார்றதுக்கு முன்னாடி இருபது, எழுந்ததும் இருபது. இடுப்பு போயிடுச்சுடி எனக்கு.”

“தண்ணி படக் கூடாதுன்னு உங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?”

“அப்பாகிட்ட சொன்னேனே! ‘யாருக்குடி சுவரைப் பத்திச் சொல்ற’ன்னார். நான் என்ன பண்ணட்டும்? அவர் மேஸ்திரி. நீ பத்து நாள் படிச்சவ.”

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றியது. முட்டினால் சுவர் விழுந்துவிடும் என்பதால் முட்டவில்லை.

உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். சோம்பேறி ஒருவன் தார்ப்பாயைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பான், சுவர் பிழைத்திருக்கும். முப்பத்தொரு வருடம் சிமெண்டுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்டிய கைதான் இப்படிச் செய்யும். சிமெண்டு தண்ணீர் குடித்தால் இறுகும். மண் தண்ணீர் குடித்தால் அவிழும். அந்த மண் மூச்சு விட முடியாதபடி வெளிப்பக்கம் சிமெண்டால் அடைத்தும் விட்டார். என்மேல் உள்ள பாசத்தில் செய்திருக்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல். வீம்புக்குச் செய்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன்.

அப்பாவின் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து அறையின் உள்பக்கம் மேல்வரியிலிருந்து தொங்கவிட்டு வைத்தேன். அவர் வரும்வரை காத்திருந்தேன். வந்தார். அந்த வார்த்தையைச் சொன்னேன்.

இப்போது சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன், என் பின்னால் அம்மா, அம்மா பின்னால் அக்கா. குட்டி மரங்களின் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தது. வானம் நாலு நாளாக இப்படித்தான், கரியைப் பூசிவிட்டுக் காற்றை அடக்கி வைத்திருந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டியது.

அப்பா உள்ளே போய் நூலைப் பார்த்தார். மேலே சுவரை ஒட்டித் தொங்கிய நூல் கீழே நாலாவது வரியின் தொந்தியில் இடித்துக்கொண்டு வளைந்து நின்றது. குண்டு தொங்கவே இல்லை, சுவர்மேல் சாய்ந்து படுத்திருந்தது. கிட்டே போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஈரச் சாக்கைத் தொட்டார். தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நூலை அவிழ்த்து, குண்டில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“காய்ஞ்சா இறுகிடும்” என்றார்.

“எங்க காயும்? அந்தப் பக்கம் சிமெண்டு. இந்தப் பக்கம் மழை வருது.”

“கூரை போட்டா மழை எங்க வரும்?”

“கூரைப் பாரம் அது தலையில ஏறினா மழையே தேவையில்லப்பா.”

“முப்பத்தொரு வருஷம்” என்றார். “எத்தனை சுவர் தெரியுமா உனக்கு?”

“இது சுவரே வேறப்பா. அது உங்க தப்புகூட இல்லை. தெரியாம பண்ணிட்டீங்க.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்றால்கூடத் தாங்கியிருப்பார். தெரியாது என்றது அவருக்குச் சுருக்கென்றது.

“காலையில ரேடியோ கூரை போட வர்றான். போடுவான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வெங்காயத்தை எடுத்து என் முன்னால் போட்டாள், நறுக்கு என்று. கோபத்தில் இருக்கிறவர்களுக்குக் கத்தியைக் கொடுக்கும் ஒரே ஆள் என் அம்மா.

“இங்க பாரு. நான் பேசி வைக்கிறேன், இடிச்சுடுவார்.”

“எப்படி?”

“நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. யாராவது கேட்டா, மூட்டை தாங்கலைன்னு சொல்லிடு. நீ கத்துக்கிட்டு வந்தது சரியா வரலை, அவ்வளவுதானே? சின்னப் பொண்ணு, ஏதோ முயற்சி பண்ணினா, தப்பிப் போச்சு. ஒருத்தரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

“நான் கட்டின மூணு சுவரும் கல்லு மாதிரி நிக்குதும்மா.”

“நிக்கட்டும். உனக்கென்ன, படிச்சவ, நாளைக்கு வேற வேலைக்குப் போயிடுவ. அவருக்கு இந்தப் பேரை விட்டா என்னடி இருக்கு? நூல் கட்டின சுவர் பானை வயிறு மாதிரி புடைச்சுக்கிச்சுன்னு நாலு பேர் சொன்னா அவரை யாரு கூப்பிடுவாங்க? மறுபடியும் திரும்பிப் படுத்துடுவார். அந்த ரெண்டு மாசத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.”

வெங்காயம் நன்றாகக் காரமாக இருந்தது. அதனால் அழுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உண்மையில் நான் ஒத்துக்கொள்ளத்தான் இருந்தேன். மூட்டை என்று ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள், ஓட்டை மூட்டை என்று சொல்லிவிட்டுப் போகட்டும். சுவர் இறங்கினால் போதும்.

அப்போது இஸ்திரி அக்கா நினைவுக்கு வந்தாள். அடுத்த தெருவில் துணி தேய்க்கிறவள். என் மூன்று சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு அவளும் கடைக்கால் தோண்டியிருந்தாள். அவள் புருஷன்தான் அப்பாவுக்குக் கையாள். மேற்குச் சுவருக்கு மண் அள்ளிக் கொடுத்தவன். அப்பா பூசியதையும் தண்ணீர் காட்டச் சொன்னதையும் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

“அம்மா, மூட்டை தாங்கலைன்னு சொன்னா இஸ்திரி அக்கா குழியை மூடிட்டுப் போயிடுவா. போனா போகட்டும். மூடலைன்னா? அவ புருஷன் என்ன பண்ணுவான்? அப்பா பண்ணினதையே பண்ணுவான். நூல் மேஸ்திரி செஞ்ச மாதிரி செஞ்சேன்னு காலையும் சாயங்காலமும் ஊத்துவான். ஏன் விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாம இன்னொரு வீடு விழும். அதுக்குள்ள மூணு பிள்ளைங்க.”

“ஊர்ல உள்ள பிள்ளைங்களுக்கெல்லாம் நீதான் தாயாடி?”

“சரி. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு?”

அம்மா கிழங்கைக் குத்திப் பார்த்தாள். வெந்துவிட்டிருந்தது. மறுபடியும் குத்தினாள்.

“பொய் சொல்ல மாட்டேன்னா அவர் இடிக்க மாட்டார்” என்றாள்.

“அவர் சொன்னாரா?”

“அவர் சொல்லணுமா? எத்தனை வருஷமா குடும்பம் நடத்துறேன்.”

சாப்பிட உட்கார்ந்தோம். ஐந்து பேர் உட்கார்ந்தால் அந்த அறையில் கதவைத் திறக்க முடியாது. குட்டியை மெஷின் மேஜைமேல் உட்கார வைத்து அக்கா ஊட்டினாள். அப்பா தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். கிழங்கில் உப்பு இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததிலிருந்து அவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரிந்தது. அம்மா உப்பு டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

“அக்கா, நீ சொல்லு” என்றேன். “உன் வீடு அது.”

“என்னை ஏன்டி இழுக்கிற?”

“நீதானே நாளன்னிக்கு அங்க போய்ப் படுக்கப் போற?”

“எனக்கு ஒரு கூரை போதும்டி. இங்க எத்தனை நாள் இப்படி மூச்சு முட்டிட்டுக் கிடக்கிறது? மெஷின் சத்தத்துல அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. காய்ஞ்சா இறுகிடும்ங்கிறார்ல. அவருக்குத் தெரியாததா?”

“தெரியும்ல? அப்ப சரி.” நான் தட்டைக் கீழே வைத்தேன். “மெஷினை எங்க போடப் போற?”

“மேற்குச் சுவர் ஓரம். காலையில ஜன்னல் வெளிச்சம் அங்கதான் விழும். முன்னாடியே சொன்னதுதானே.”

“சரி. குட்டியை எங்க படுக்க வைப்ப?”

அக்கா உருண்டையைக் குட்டியின் வாயருகே பிடித்துக்கொண்டே இருந்தாள். குட்டி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

“கிழக்குப் பக்கம்” என்றாள்.

“ஏன்? நிலைக் கதவு அங்கதானே இருக்கு, காத்து நேரா அடிக்குமே. மேற்குச் சுவர்தானே அடக்கமா இருக்கு?”

அக்கா உருண்டையை ஊட்டினாள், குட்டியின் வாயைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். அம்மா தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிட்டுக் குடிக்காமல் வைத்தாள். அப்பா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து அவர் நிமிர்ந்தது அப்போதுதான்.

அவ்வளவுதான். இந்த வீட்டில் அந்தச் சுவர் நிற்கும் என்று நம்புகிற ஆள் ஒருவர்கூட இல்லை. ஐந்து பேரும் உட்கார்ந்து உப்பில்லாத கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டு, அது விழும்போது யார் எந்தப் பக்கம் படுத்திருப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நாளைக் காலை ரேடியோ வந்து அதன் தலையில் மரத்தை ஏற்றுவார், நாங்கள் எல்லோரும் கீழே நின்று கயிறு பிடிப்போம்.

எழுந்து கை கழுவினேன்.

“பாதியில எழுந்திரிக்கிற?” என்றாள் அம்மா.

“ரேடியோ வீட்டுக்குப் போறேன்.”

“எதுக்கு இப்ப?”

“காலையில வர வேண்டாம்னு சொல்ல.”

அம்மா குதித்து எழுந்தாள். “ஏன்னு கேப்பாரே! அந்த மனுஷன்கிட்டயாடி? அதுக்கு மைக்கு வச்சுக் கத்திட்டு வரலாம். வேற எதாவது சொல்லு, குட்டிக்குக் காய்ச்சல்னு சொல்லு, மரம் பத்தலைன்னு சொல்லு. ஏய், உங்கிட்டதான் பேசுறேன். நீங்க பேசாம இருக்கீங்களே, உங்க பொண்ணு உங்க பேரைத் தெருவுல போட்டு உடைக்கப் போறா, ஒரு வார்த்தை சொல்லுங்க!”

அப்பா தட்டை ஓரமாகத் தள்ளினார்.

“என்னன்னு சொல்லுவ?” என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

“சுவர் நல்லாத்தான் கட்டியிருந்தீங்க, நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுவேன். அப்புறம் தண்ணி ஊத்தச் சொன்னீங்கன்னு சொல்லுவேன்.”

“ரெண்டாவதை மட்டும்தான் அவன் ஊருக்குச் சொல்லுவான்.”

“தெரியும்ப்பா.”

மூன்று பேர் முழங்காலைத் தாண்டிக் கதவுக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா காலை மடக்கி வழிவிட்டாள், என்னைப் பார்க்காமல். அம்மா மடக்கவில்லை, தாண்டினேன். முதுகுக்குப் பின்னால் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. செருப்பைத் தேடி நின்றால் அதற்குள் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவார், நான் போகாமல் உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்து, வெறுங்காலோடு தெருவில் இறங்கிவிட்டேன்.